மாவுக்கட்டு இரண்டு மாதம், ஷூ நான்கு வருஷம்

கொடைக்கானல் மேல்மலையில் எந்த வீட்டிலாவது பாதம் உள்பக்கம் திரும்பிய குழந்தை பிறந்தால், என் போன் நம்பர் எப்படியோ அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பூம்பாறையிலிருந்தும் கூப்பிடுகிறார்கள், கிளாவரையிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். பேசுவது பெரும்பாலும் அப்பத்தாவோ அம்மாச்சியோதான். பெற்றவள் பின்னால் அழுதுகொண்டிருப்பது கேட்கும். நீவி விட்டால் சரியாகுமா, ஆபரேஷன் பண்ணணுமா, எதனால் இப்படி ஆச்சு என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். எங்கள் பக்கம் டவர் நிற்காது, பாதிப் பேச்சில் லைன் போய்விடும். அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் மகன் இரண்டு பாதமும் வளைந்து பிறந்தவன். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், பூண்டுக் காட்டு வரப்பில் மற்ற பிள்ளைகளோடு ஓடுகிறான். கெண்டைச்சதை மட்டும் கொஞ்சம் மெலிவாக இருக்கும். அது அப்படியேதான் இருக்கும், அதனால் ஒரு தொந்தரவும் இல்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

பிறந்தபோது அவன் உள்ளங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. குதிகால் மேலே ஏறியிருந்தது. விரலால் தொட்டால் உள்ளே எலும்பே இல்லாத மாதிரி மெத்தென்றிருக்கும். உள்ளங்காலின் நடுவில் ஒரு ஆழமான மடிப்பு, குதிகாலுக்குப் பின்னால் இன்னொரு மடிப்பு. சில குழந்தைகளுக்கு வயிற்றில் படுத்திருந்த வாகினால் கால் திரும்பியிருக்கும். மெல்லத் திருப்பினால் முழுசாக நேரே வந்துவிடும், அது தானாகவே சரியாகும். என் மகனுக்கு அப்படி வரவில்லை, ஒரு அளவுக்கு மேல் கெட்டியாக நின்றுவிட்டது. அதுதான் பிறவி வளைபாதம், ஆஸ்பத்திரியில் கிளப் ஃபுட் என்பார்கள். எது எது என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். எலும்பு டாக்டர் பார்க்கட்டும். அவர் காலை மட்டும் பார்த்து அனுப்ப மாட்டார், இடுப்பு மூட்டையும் முதுகுத்தண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. பெண் குழந்தைகளை விட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம். பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். இதை நான் போனில் சொல்லும்போது அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். தன் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பிரசவம் ஆன இடத்தில் எங்களிடம், "எலும்பு பிஞ்சா இருக்கு, ஒரு வயசு ஆகட்டும், நடக்கும்போது பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. எலும்பு பிஞ்சாக இருப்பதுதான் உடனே ஆரம்பிக்க வேண்டியதற்குக் காரணமே. பிறந்த குழந்தையின் பாதத்தில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பு, மூட்டுகளைச் சேர்க்கும் நாரும் தசைநாரும் இழுத்தால் இழுபடும் பருவம். பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள், பாதத்தைத் திருத்தும் மாவுக்கட்டை ஆரம்பித்துவிட்டால் நல்லது. நல்ல வேளையாக, எடை பார்க்க வீட்டுக்கு வந்த எங்கள் ஊர் நர்ஸம்மா துணியை விலக்கிக் காலைப் பார்த்தார். "இதுக்கு எதுக்கும்மா ஒரு வயசு? இப்பவே போயிருக்கணும்" என்று வாசலில் நின்றபடியே போன் போட்டுக் கேட்டு, எங்கே போக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்று மத்திய அரசின் திட்டம் ஒன்று 2013-லிருந்து நடக்கிறது. பிறவிக் குறைகளில் அந்தத் திட்டம் கவனிக்கிற பட்டியலில் வளைபாதமும் இருக்கிறது. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை வரும் மருத்துவக் குழு இந்தத் திட்டத்தைச் சேர்ந்ததுதான். மாவட்டத் தலைமையிடத்தில், இப்படிப்பட்ட குறைகளை ஆரம்பத்திலேயே கவனிப்பதற்கென்று இடையீட்டு மையம் இருக்கும். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் வழி சொல்வார். யாரும் கிடைக்காவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

இனி, எதனால் வந்தது என்ற கேள்வி. எங்கள் வீட்டில் இந்தக் கேள்விதான் என்னை அதிகம் வாட்டியது. கிரகணத்தன்று அரிவாள்மனையில் உட்கார்ந்தாள் என்றார்கள், காலை மடக்கிப்போட்டுப் பூண்டு ஆய்ந்தாள் என்றார்கள். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு காரணத்தை என் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்றுமே உண்மை இல்லை. பாதம் வயிற்றுக்குள் வளரும் காலத்திலேயே இப்படி ஆகிவிடுகிறது. தாய் உட்கார்ந்த விதத்துக்கும், சாப்பிட்ட சாப்பாட்டுக்கும், கிரகணத்துக்கும் இதில் வேலை இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது. டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டபோது என் கணவர் தன் பெரியப்பாவைச் சொன்னார்.

அந்தப் பெரிய மாமாவை எல்லோரும் பிறவியிலேயே அப்படி என்று விட்டுவிட்டார்கள். பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடப்பார். அந்த இடத்தில் தோல் காய்த்து, தேங்காய் ஓடு மாதிரி கெட்டியாகி, பனிக்காலத்தில் வெடித்து ரத்தம் வரும். அவர் காலுக்குச் செருப்பு எந்தக் கடையிலும் கிடையாது. லாரி டயர் ரப்பரை வெட்டித் தானே தைத்துக்கொள்வார். அப்படியும் மூட்டை தூக்கித்தான் பிழைத்தார். என் மகனுக்கு முதல் கட்டுப் போட்டுக் கொண்டுவந்த அன்று வந்து உட்கார்ந்து, அந்த வெள்ளைக் காலை ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தார். "இப்படி ஒரு வைத்தியம் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றார். எங்கள் வீட்டில் பேச்சு அன்றோடு மாறியது. கிரகணக் கதையை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

தடுக்க முடியுமா என்றால், முழுசாகத் தடுக்க வழி கிடையாது. செய்யக்கூடியது சில உண்டு. கர்ப்ப காலத்தில் புகைபிடிப்பது இந்தக் குறை வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. நம் பெண்கள் பிடிப்பதில்லை, ஆனால் குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பீடி பிடிக்கிற ஆண்கள் நம் மலையில் நிறையப் பேர். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் அந்தப் புகை எந்த விதத்திலும் ஆகாது, வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள். போலிக் ஆசிட் மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பிருந்தே போட வேண்டும். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கும் குறையை அது பெருமளவு தடுக்கும். அந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்குக் கால் வளைவதும் உண்டு. ஐந்தாம் மாத ஸ்கேனில் பாதம் வளைந்திருப்பது பல நேரம் தெரிந்துவிடும். தெரிந்தால் பயந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, வயிற்றில் இருக்கும்போது செய்ய வேண்டியதும் இல்லை. கட்டு எங்கே போடுகிறார்கள், என்றைக்குப் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளலாம். அது பெரிய லாபம்.

இப்போது உலகம் முழுக்கச் செய்கிற வைத்தியத்துக்குப் போன்செட்டி முறை என்று பெயர். இக்னாசியோ போன்செட்டி 1914 ஜூன் 3-ம் தேதி ஸ்பெயினில் மெனோர்கா தீவில் பிறந்த டாக்டர். உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு வைத்தியம் பார்த்து, போர் முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேறி, மெக்சிகோ வழியாக அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவர். சின்ன வயதில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பாதம், பெரியவர்களானதும் விறைத்துப்போய் வலிப்பதைப் பார்த்தார். வெட்டாமல், வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டுப்போடும் முறையை 1940-களின் கடைசியில் தொடங்கினார். 1963-ல் முடிவுகளை வெளியிட்டார். ஆனாலும் பல பத்தாண்டுகள் மற்ற டாக்டர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1990-களின் கடைசியில் இன்டர்நெட் வந்த பிறகு, பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் இது வேகமாகப் பரவியது. எனக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடிக்கும். நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். அவர் பிறந்த ஜூன் 3-ஐத்தான் உலக வளைபாத தினமாக வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் போனது மதுரைக்கு, அரசு மருத்துவமனைக்கு. கொடைக்கானலிலிருந்து மலை இறங்கி வத்தலகுண்டு, அங்கிருந்து பஸ் மாறி ஆரப்பாளையம், பிறகு ஷேர் ஆட்டோ. பூண்டு ஏற்றிக்கொண்டு வடுகபட்டி சந்தைக்குப் போகிற வண்டிகளில் முன்சீட்டில் உட்கார்ந்தும் கீழே இறங்கியிருக்கிறேன். கட்டுப்போடும் வாரங்களில் பெரும்பாலும் வத்தலகுண்டில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டோம். கீழே சொந்தக்காரர் வீடு இருந்தால் தயங்காமல் கேளுங்கள். பிரசவித்த உடம்போடு வாராவாரம் அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குவது தாய்க்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம்.

கட்டுப்போடும்போது பிள்ளைக்கு வலிக்குமோ என்ற பயம்தான் என்னை உலுக்கியது. வலிக்காது. அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு காரியத்தை எல்லோருக்கும் சொல்கிறேன்: போகும் வழியில் பால் கொடுத்துவிடாதீர்கள், பசியோடு கொண்டுபோய், கட்டுப்போடும் நேரத்தில் கொடுங்கள். பால் குடிக்கிற பிள்ளையின் கால் தளர்ந்து கிடக்கும். டாக்டர் ஒரு கட்டைவிரலை, பாதத்தின் மேலே வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்த எலும்பின் மேல் வைத்தார். மறு கையால் பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து மெல்ல மெல்ல வெளியே கொண்டுபோனார். குதிகாலைத் தொடவே இல்லை. பக்கத்தில் ஒருவர் பஞ்சுச் சுருளைச் சுற்றி, நனைத்த மாவுத்துணியை அதன் மேல் சுற்றினார். விரல் நுனியிலிருந்து தொடை வரைக்கும், முழங்காலை மடக்கி வைத்த கட்டு. முழங்காலுக்குக் கீழே மட்டும் கட்டுப் போட்டு அனுப்பினால் ஏன் என்று கேளுங்கள். பாதம் திரும்பிய நிலையில் நிற்க வேண்டும் என்றால் கட்டு தொடை வரை இருக்க வேண்டும், கீழோடு நிறுத்தினால் நழுவியும் விடும். முதல் கட்டுக்குப் பிறகு பாதம் இன்னும் கொஞ்சம் சுருண்டுகொண்ட மாதிரி தெரியும். முறையே அப்படித்தான், உள்ளங்கால் பள்ளத்தை முதலில் எடுத்துவிட்டுத்தான் பாதத்தை வெளியே கொண்டுவருவார்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு கட்டுக்குள் பாதம் நேராகிவிடுகிறது. ஒவ்வொரு வாரமும் பிரித்துப் புதுசு போடுவார்கள். முந்தின நாள் ராத்திரியே வீட்டில் ஊறவைத்துப் பிரித்துவிடாதீர்கள், ஒரு ராத்திரிக்குள் கால் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆஸ்பத்திரியிலேயே பிரித்து, உடனே மறு கட்டுப் போடுவதுதான் சரி. அவர்கள் வேறு மாதிரி சொன்னால் சொன்னபடி செய்யுங்கள்.

மலைக்குளிரில் மாவுக்கட்டு சட்டென்று காயாது. கீழே ஒரு நாளில் காய்வது, சாரலும் மூடுபனியும் இருக்கிற நாளில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஈரமாகவே இருந்தது. அடுப்புக்கு முன்னால், கணப்புக்கு முன்னால் காலைக் காட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கூடவே கூடாது. கட்டு உள்ளே சூடேறினால் பிள்ளையின் தோல் வெந்துவிடும், வெளியே நமக்குத் தெரியாது. உடம்பை நன்றாகப் போர்த்திவிட்டு, காலை மட்டும் வெளியே எடுத்துத் தலையணையில் வைத்துக் காற்றில் காயவிடுங்கள். அழுத்திப் பிடித்தால் ஈரக் கட்டில் விரல் பதியும், அந்தப் பள்ளம் உள்ளே உறுத்தும். உள்ளங்கையால் தாங்கித் தூக்குங்கள்.

விரலைத் தினமும் பலமுறை பார்க்கச் சொல்வார்கள். சில்லென்றிருந்தால் ஆபத்து என்று கீழே எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையின் கால்விரல்தான் சில்லென்று இல்லை? பயந்துபோய் டாக்டரிடம் கேட்டபோது அவர் காட்டிக் கொடுத்தார்: கட்டைவிரல் நுனியை லேசாக அழுத்திவிட வேண்டும், வெளுக்கும், எடுத்ததும் இரண்டு எண்ணுவதற்குள் சிவப்பு திரும்ப வர வேண்டும். வந்தால் ரத்த ஓட்டம் சரி. வரவில்லை, அல்லது விரல் நீலமாகவோ வெள்ளையாகவோ வீங்கியோ இருக்கிறது, கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது, பால் கொடுத்தும் அழுகை நிற்கவில்லை என்றால் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். ராத்திரி என்றால் பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போய்க் கட்டைப் பிரித்துவிடுங்கள். கட்டு போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, கட்டு நழுவுவது. நழுவினால் விரல்கள் உள்ளே போய் மறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு கட்டும் போட்டதும் விரல் தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்து, தினமும் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். நழுவிய கட்டைக் காலில் விட்டு வைத்தால் நன்மையை விடக் கெடுதல் அதிகம். குளியல் கிடையாது, வெந்நீரில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டியதுதான். ஈரத்துணியை உடனுக்குடன் மாற்றாவிட்டால் சிறுநீர் தொடைப்பக்கம் கட்டுக்குள் இறங்கிப் புண்ணாக்கிவிடும்.

கடைசிக் கட்டுக்கு முன் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் நரம்பில் ஒரு சின்ன வெட்டுப் போடுவார்கள். நரம்பு என்று நாம் சொல்வது தசைநார். மேலே ஏறிய குதிகால் கீழே இறங்க அது நீள வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, சில நிமிஷத்தில் முடிந்துவிடும், தையல்கூடப் பெரும்பாலும் இருக்காது. மூன்று வாரம் கட்டு. அதற்குள் நரம்பு நீளமான நிலையில் தானே வளர்ந்து சேர்ந்துவிடும். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தக் குழந்தையின் பாதம் முன்பக்கம் நேராகி, குதிகால் மட்டும் தூக்கியபடியே நின்றுவிட்டது.

கடைசிக் கட்டைப் பிரித்தபோது நேரான இரண்டு பாதத்தைப் பார்த்து நானும் என் கணவரும் அழுதுவிட்டோம். எங்களைப் பொறுத்தவரை வைத்தியம் முடிந்தது. அப்போது பிசியோ சார் ஒரு கம்பியில் மாட்டிய இரண்டு ஷூவை மேஜையில் வைத்து, "கட்டு நாங்க போட்டோம். இதை நீங்கதாம்மா போடணும், நாலு வருஷம்" என்றார். நான் போனில் பேசும்போது அதிக நேரம் பேசுவது இதைப் பற்றித்தான்.

இரண்டு ஷூவும் தோள் அகலத்துக்கு ஒரு கம்பியில் பொருத்தியிருக்கும், பாதம் இரண்டும் வெளியே பார்த்தபடி நிற்கும். முதல் மூன்று மாதம் ஒரு நாளில் 23 மணி நேரம் போட வேண்டும். மிச்சம் இருக்கிற ஒரு மணி நேரம் குளிக்க, காலை நீட்டி மடக்க. அதற்குப் பிறகு ராத்திரியும் பகல் தூக்கமுமாகப் பன்னிரண்டிலிருந்து பதினான்கு மணி நேரம், பிள்ளைக்கு நான்கு அல்லது ஐந்து வயதாகும் வரைக்கும். பகலில் விழித்திருக்கும்போது சாதாரணமாகத் தவழும், நடக்கும், ஓடும். பாதம் நேராகிவிட்டதே, இது எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். எந்தக் காரணத்தால் பாதம் வளைந்ததோ, அது முதல் சில வருஷங்களுக்கு உடம்புக்குள் இருந்துகொண்டேதான் இருக்கும். ஷூவை விட்டால் திரும்ப இழுக்கும். வளைபாதம் திரும்ப வருவதற்கு முக்கியக் காரணமே ஷூவைப் பாதியில் நிறுத்துவதுதான்.

முதல் இரண்டு மூன்று ராத்திரி பிள்ளை வீறிட்டு அழும். வலி இல்லை, ஒரு காலை மட்டும் தனியாக உதைக்க முடியாத எரிச்சல். இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள், பழகிக்கொள்ளும். அழுகிறான் என்று ஒரு ராத்திரி கழற்றிவிட்டால், அழுதால் கழற்றுவார்கள் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். என் மகன் பழகிய பிறகு அந்தக் கம்பியால் தரையைத் தட்டித் தாளம் போடுவான். எங்கள் மரத்தள வீட்டில் தெருவுக்கே கேட்கும்.

சாக்ஸ் விஷயத்தில் மலைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். குளிருக்குத் தடிமனான கம்பளி சாக்ஸ் போட்டுவிட்டு அதன் மேல் ஷூ மாட்டினால் குதிகால் கீழே உட்காராது. மெல்லிய பருத்தி சாக்ஸ், சுருக்கம் இல்லாமல். முதலில் நடுப்பட்டையை இறுக்க வேண்டும், பிறகு மற்றவை. குதிகால் உள்ளே தட்டையாக உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். காலைப் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள், விரல்கள் ஷூவுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்தால் இறுக்கம் போதாது. குளிருக்கு என்ன செய்வது என்றால், ஷூ மாட்டிய பிறகு எல்லாவற்றுக்கும் மேலே கம்பளியைச் சுற்றுங்கள். பழைய ஸ்வெட்டரின் இரண்டு கையை வெட்டி முழங்கால் வரைக்கும் மாட்டிவிடுவேன். தோலில் சிவப்புத் தடம் விழுந்தால் ஷூவைத் தளர்த்தத் தோன்றும். பல நேரம் தளர்வாக இருந்து உரசுவதால்தான் தடமே விழுகிறது. கொப்புளம் வந்தால் காட்ட வேண்டும். எண்ணெயோ கிரீமோ தடவாதீர்கள், தோல் ஊறி இன்னும் கெடும்.

தூளியில் போடலாமா என்று எல்லா அம்மாச்சியும் கேட்பார்கள். சேலை சுருங்கிக் காலைச் சேர்த்து நெருக்கும், கம்பி ஒரு பக்கம் சாயும். தொட்டில் கம்பை நீளமாகப் போட்டு அகலமாக விரித்துக்கொண்டால், கம்பி தட்டாமல் கொஞ்ச நேரம் போடலாம், நான் போட்டிருக்கிறேன். ராத்திரித் தூக்கத்துக்குப் பாய்தான் நல்லது.

என் அத்தை, மாமியாரைச் சொல்கிறேன், ஊரில் பாதிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி நீவி விட்ட கை. நீவினால் சரியாகாது என்று சொன்னபோது அவருக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்த முறை அவரையே கூட்டிக்கொண்டு போனோம். பிசியோ சார் எல்லாவற்றையும் அவரிடமே சொன்னார், ஷூவை அவர் கையால்தான் மாட்டச் சொன்னார். அதன் பிறகு வீட்டில் ஷூவுக்கு அவர்தான் காவல். பூம்பாறை குழந்தை வேலப்பர் தேருக்குப் போகும்போது, நல்ல நாளில்கூட இந்தக் கம்பி வேண்டுமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அன்றைக்குக் குளிப்பாட்டாமல் துடைத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தைக் கோயிலுக்கு வைத்துக்கொண்டோம். சாமி கும்பிட்டதும், "மணியாச்சு, மாட்டு" என்று அத்தைதான் முதலில் சொன்னார். உங்கள் வீட்டில் பிள்ளையை யார் அதிக நேரம் வைத்திருக்கிறார்களோ, அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். காட்டு வேலைக்குப் போகிற தாய் மட்டும் கற்றுக்கொண்டு வந்தால் போதாது.

வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, நடக்கத் தொடங்கிய பிறகு ஷூவை நிறுத்திவிட்டுத் திரும்ப வந்த ஒரு பெண் குழந்தையைப் பார்த்தேன். பாதம் மறுபடி உள்ளே திரும்பியிருந்தது. டாக்டர் திட்டவில்லை, மறுபடி கட்டு ஆரம்பித்தார். திரும்ப வந்தால் திரும்பக் கட்டுப் போடலாம். இரண்டரை, மூன்று வயதுக்கு மேல் அடிக்கடி திரும்பினால் தசைநார் ஒன்றை இடம் மாற்றி வைப்பார்கள். நிறுத்திவிட்டோமே, திட்டுவார்களே என்று வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருக்காதீர்கள்.

ஷூ சின்னதாகிவிட்டால், அதாவது கால்விரல் ஷூவின் முனையைத் தாண்டி வளைந்தால், பழையதையே இழுத்துப் பிடித்துப் போடாமல் மாற்றி வாங்குங்கள். வைத்தியம் அரசு மருத்துவமனையில் இலவசம்தான். எங்களுக்கு ஆன செலவு பஸ்ஸும் சாப்பாடும் போன கூலியும். அதுவே தினக்கூலிக் குடும்பத்துக்குப் பெரிய தொகை, ஆகவே பக்கத்து ஊர்க் குடும்பம் ஏதாவது போகிறதா என்று கேட்டு ஒரே நாளில் சேர்ந்து போங்கள்.

நடக்க ஆரம்பித்த பிறகு என் மகனைக் குத்தவைத்து உட்காரச் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு குதிகாலும் தரையில் பட வேண்டும். செருப்பின் வெளி ஓரம் மட்டும் தேய்கிறதா என்றும் பார்ப்பேன். இதில் மாற்றம் தெரிந்தால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், முன்னாலேயே போய்விடலாம். இந்தக் குறையோடு பிறந்த மியா ஹாம் அமெரிக்காவுக்காகக் கால்பந்து ஆடி இரண்டு உலகக் கோப்பை ஜெயித்த அணியில் இருந்தவர். என் மகனுக்குப் பந்தைத்தான் முதலில் வாங்கிக் கொடுத்தோம்.

எங்க பையனுக்கு எட்டு வயசாச்சே, இனிமே என்ன செய்ய என்று கேட்பவர்களும் உண்டு. மேல்மலையிலும் கீழ்மலையிலும் உள்ளே தள்ளியிருக்கிற குடியிருப்புகளில் அப்படிப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கும், எட்டு பத்து வயதுப் பிள்ளைகளுக்கும்கூட இதே கட்டு முறையில் பாதத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கட்டு அதிகம் தேவைப்படும், சிலருக்குக் கூடவே ஆபரேஷனும் வேண்டியிருக்கும், ஆனாலும் தட்டையாக ஊன்றி நடக்கிற பாதம் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்கு மருத்துவக் குழு வரும் அன்று அந்தப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்று. அன்றைக்குத்தான் அனுப்ப வேண்டும். போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கூட வருகிறேன்.